எலிசியோவின் மரியாதைப் பட்டியல்

எலிசியோ எங்கள் ஊர் நகராட்சியில் இருபது வருடமாகத் தற்காலிக ஊழியன். மேயர் மாறும்போதெல்லாம் அவன் நாற்காலியும் ஆடும். பட்டம் இருந்தால் நிரந்தரமாக்கலாம் என்று சொன்னதால், ஐம்பத்திரண்டு வயதில் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தான். பாடங்களெல்லாம் தேறிவிட்டான். மிச்சம் ஆய்வேடுதான். தேர்தலுக்குள் தேர்வுக்குழு கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

படுக்கையில் விழுந்த முதியவர்களை வீட்டிலேயே பராமரிப்பது பற்றி எழுதினான். பக்கவாதம் வந்த அவன் அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்வது நான். பராமரிப்புப் படிப்பு படித்து, தைவானில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். எப்படித் திருப்பிப் படுக்கவைத்தால் புண் வராது என்று நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டான். எழுத்து நன்றாகவே வந்தது.

அவனுடைய சிக்கல் மரியாதை. ஜீப்னி வண்டியில் அவன் சில்லறையை வாங்கி முன்னால் ஓட்டுநரிடம் கொடுத்தவருக்குக்கூட இறங்கும்போது இன்னொரு முறை நன்றி சொல்வான். பக்கத்துத் தெரு நாய் குரைத்தால், இஞ்சினியர் சாருடைய நாய் குரைக்கிறது என்பான்.

தேர்வு நாளில் அம்மாவை அவன் மனைவியிடம் விட்டுவிட்டு, குழுவுக்கான பன்சித் நூடுல்ஸோடு நானும் போனேன். தலைவி டாக்டர் தெயோகாம்போ ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். நூற்பட்டியலை அகரவரிசையில்தான் போட்டிருந்தான். ஆனால் பாதிப் பேர் 'டாக்டர்' என்ற சொல்லின் கீழ் குவிந்து கிடந்தார்கள். மீதிப் பேர் அட்டர்னி, இஞ்சினியர், மதிப்பிற்குரிய மேடம்.

"யாரு இந்த மிஸ் ஜொவெலின்? அதிகமா இவங்களைத்தான் மேற்கோள் காட்டியிருக்கீங்க. எந்தப் பல்கலைக்கழகம்?"

"பல்கலைக்கழகம் இல்லீங்க மேடம். சந்தைக்குப் பக்கத்துல கம்ப்யூட்டர் கடை."

"கடையா?"

"இணையத்துல தேடி எடுத்துக் குடுத்தது அவங்கதானுங்க. அவங்க பேரைப் போடாம எப்படி?"

குழுவில் ஒருவருக்கு இருமல் வந்தது. தலைவி சிரிக்கவில்லை. இணையப் பக்கம் என்றால் எழுதியவர் பெயர், அது இல்லாவிட்டால் வெளியிட்ட அமைப்பின் பெயர், ஆண்டு, தலைப்பு, முகவரி. புத்தகம் என்றால் குடும்பப் பெயர், ஆண்டு, தலைப்பு, பதிப்பகம். பட்டம் பதவி எதுவும் கூடாது என்றார்.

"படிக்கிறவங்க அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேரணும். கடைக்குப் போய்ச் சேரக் கூடாது. என் புத்தகமா? தெயோகாம்போ, 2011. அவ்வளவுதான்."

அவர் பெயரை மொட்டையாகக் கேட்டதும் எலிசியோவுக்கு வியர்த்துவிட்டது. திருத்த ஒரு வாரம் கொடுத்தார்கள். பன்சித்தில் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

இணையப் பக்கங்களை அவன் ஜொவெலினிடமே போய்ச் சரிசெய்துகொண்டான். புத்தகங்களில்தான் கை ஓடவில்லை. 'பல்மாரெஸ், 1987' என்று அடிப்பான், உடனே அழிப்பான். டாக்டர் பல்மாரெஸ் அவனுடைய நினோங். ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்திய ஞானத்தந்தை. மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அவர் எழுதிய சிறுநூலை நம்பித்தான் நின்றது.

"தோதோ, ஆஸ்பத்திரித் தாள்ல நாங்க வெறும் குடும்பப் பேர்தான் எழுதுவோம். அதனால ஒருத்தரும் சாகலை" என்றேன். அவன் எனக்குத் தோதோ, தம்பி; நான் அவனுக்கு மனாங், அக்கா.

"நீங்க எழுதினது உங்க நினோங்கை இல்லையே மனாங்."

கடைசியில் ஒரு டப்பா பிஸ்கோச்சோ ரஸ்க் வாங்கிக்கொண்டு நினோங்கிடம் அனுமதி கேட்கப் போனான். கிழவரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற நானும் அங்கே இருந்தேன். பட்டத்தை எடுப்பதில் அவருக்கு வருத்தமே இல்லை. பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். பிறகுதான் முகம் மாறியது.

"அபாட் எனக்கு மேல இருக்கான். எங்கிட்ட ஊசி போடக் கத்துக்கிட்ட பய அவன்."

"அது அகரவரிசைங்க நினோங்."

"உன்னைத் தூக்கினது நானா, அபாட்டா?"

"நீங்கதான்."

"அப்போ மேல போடு."

மேலே போட்டால் தலைவி திருப்பி அனுப்புவார்; வேலை போகும். போடாவிட்டால் நினோங் பேசமாட்டார். எலிசியோ டப்பாவைத் திறந்து நினோங் பக்கம் நகர்த்தினான். நான் கட்டை முடித்து முடிச்சுப் போட்டேன். பிறகு, பட்டியல் இருக்கிறபடியே இருக்கட்டும், ஆனால் முன்னால் நன்றியுரை என்று ஒரு பக்கம் உண்டு, அதற்கு அகரவரிசை கிடையாது என்று மெல்லச் சொன்னான்.

கிழவர் கண்ணாடியைத் துடைத்தார். "எழுதிக்கோ" என்றார். ஓய்வுபெற்ற நகர சுகாதார அதிகாரி, மருத்துவர் சங்க முன்னாள் துணைத் தலைவர் என்று ஆரம்பித்து, நான் கைகழுவிவிட்டு வந்தபோதும் சொல்லிக்கொண்டிருந்தார். பிஸ்கோச்சோ பாதி காலி.

அடுத்த வாரம் தலைவி நூற்பட்டியலை விரலால் வரிவரியாகத் தொட்டுப் பார்த்தார். அபாட், தெயோகாம்போ, பல்மாரெஸ், எல்லோரும் மொட்டையாக வரிசையில் நின்றார்கள். பிறகு நன்றியுரையைத் திறந்தார். அது முதல் அத்தியாயத்தைவிட நீளம். நினோங், ஜொவெலின், அவளுடைய கடை முதலாளி, பட்டங்கள் அத்தனையோடும் தலைவியே, நான், சில்லறையை வாங்கி முன்னால் கொடுத்த ஜீப்னிப் பயணிகள்.

"இதுக்கு விதி எதுவும் இல்லாமப் போச்சே" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பணி நிரந்தர ஆணை தேர்தலுக்கு முன்பே வந்துவிட்டது. எலிசியோ மேயர் அறையில் ஆரம்பித்து, தட்டச்சு செய்தவர், முத்திரை குத்தியவர், கதவைத் திறந்துவிட்ட காவலாளி என்று ஒவ்வொருவராக நன்றி சொல்லிக்கொண்டே போனான். நகராட்சியில் அன்று மதியம் வரை வேறு வேலை நடக்கவில்லை.