மருமகளின் கொலுசும் மகனின் காதும்

என் மகனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் கனடாவில் இருந்தார். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. அவரும் எங்களைப் பார்த்ததில்லை. பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை பார்த்தான். தகட்டை வைத்தால் மேலேயிருந்து இடி மாதிரி ஒன்று இறங்கும். தகடு கார் கதவு வளைவுக்கு வளைந்து வெளியே வரும். அந்த மாதிரி மிஷின்கள் வரிசையாக நிற்குமாம். நான் உள்ளே போனதில்லை. ஒருமுறை சாப்பாட்டுக் கேரியரோடு கேட்டுக்கு வெளியே நின்றேன். செருப்பு வழியாகத் தரை அதிர்வது தெரிந்தது. காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, ஆபீசர் வந்தால் மட்டும் காதில் செருகிக்கொள்வார்களாம். காதை அடைத்துக்கொண்டால் மிஷின் சத்தம் மாறுவது தெரியாது, அச்சு கழண்டால் கை போய்விடும் என்பது அங்கே எல்லாரும் சொல்கிற நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். அதிலிருந்துதான் சொந்தமாக மெட்டுப் போடும் ஆசை வந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினான். டெலிபோன் ஒயரிலேயே இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த காலம். அதில், சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இருந்தது. ஒருவர் தன் பாட்டைப் போடுவார். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கீழே எழுதுவார்கள். யாரும் பெரிய ஆள் கிடையாது. கோயமுத்தூரில் ஒருவர் பாங்கில் வேலை. மஸ்கட்டில் ஒருவர் டிரைவர். கனடாவில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழைத்தான் எழுதினார்கள், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அது ஓடாது. மகன் படித்துக் காட்டுவான். கனடாக்காரர் எழுதியதை யாழ்ப்பாணப் பேச்சு மாதிரியே இழுத்துப் படிப்பான்.

பாட்டைப் பற்றிப் பேசியதைவிட வீட்டிலேயே எப்படிப் பதிவு செய்வது என்றுதான் அதிகம் பேசிக்கொண்டார்கள். பீரோவைத் திறந்து, தொங்குகிற புடவைகளைப் பார்த்து நின்று பாடச் சொன்னார் கோயமுத்தூர்காரர். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். வாய்க் காற்று மைக்கில் மோதாமல் இருக்க, கம்பியை வட்டமாக வளைத்து மெல்லிய துணி கட்டி நடுவில் வைக்கச் சொன்னார்கள். அதற்கு மருமகளின் பழைய துப்பட்டா போனது. கம்ப்யூட்டர் பெட்டி இரைகிறது, தூர வை என்றார்கள். மகன் நீளமாக ஒயர் இழுத்து, பெட்டியை அடுத்த அறையில் என் கட்டிலுக்கடியில் வைத்தான். சித்திரை மாதத்தில் அடுப்பின்மேல் படுத்த மாதிரி இருந்தது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டு என்று ஒருத்தர் சொல்ல, அதையும் செய்தான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கோயிப் பண்ணை வெச்சிக்கினீங்களா?" என்றாள். "முட்டை அட்டையால ஒரு பிரயோசனமும் இல்லை, கழட்டுங்கோ தம்பி" என்று கனடாவிலிருந்து வந்தது. அதற்குள் அட்டைக்குப் பின்னால் கரப்பான்பூச்சி குடியேறிவிட்டது.

பாட்டு ஒன்று முடிந்தால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஹெட்போனைத் தலையில் மாட்டுவான்.

"எப்பிடிம்மா?"

"நல்லா கீதுப்பா."

"எது நல்லா கீது?"

"எல்லாந்தான்."

மருமகள் சிரிப்பாள். "அத்தைக்குக் கழுதை கத்தறத போட்டாலும் நல்லா கீதுன்னுதான் சொல்லுவாங்க. அவங்ககிட்ட போய் கேக்கறீங்க பாரு."

நான் அப்படித்தான். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் வேறு வார்த்தை வராது. அதனால் பாட்டு விஷயத்தில் என் பேச்சை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. மெட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் ச்சிங் என்கிற தாளத்தட்டு காதைக் கிழிக்கிறது என்று எழுதினார்கள். மகன் அதையும் ஒளிக்காமல் படித்தான். "அவங்க ஸ்பீக்கர் அப்பிடி" என்பான். கோயமுத்தூர்காரர் ஸ்பீக்கர், மஸ்கட்காரர் ஸ்பீக்கர், எல்லாம் சொத்தை. நம் வீட்டு ஹெட்போன் ஒன்றுதான் யோக்கியம்.

பிறகுதான் கொலுசு வந்தது. வீட்டிலிருக்கிற சாமான்களின் சத்தத்தை வைத்தே தாளம் போடவேண்டும் என்று அங்கே ஒரு பேச்சு கிளம்பியது. ஒருவர் குக்கர் மூடி, ஒருவர் பிளாஸ்டிக் குடம். மகன் மருமகளின் கொலுசைக் கேட்டான். கல்யாணத்துக்குப் போட்ட கொலுசு, நெருக்கமாக மணி வைத்தது. முதல் ஷிப்டு முடித்து வந்திருந்தான். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மருமகள் மைக்கின் முன்னால் கொலுசைக் கையில் பிடித்து ஆட்டினாள்.

"ஆட்டு."

"ஆட்டிக்கினுதான் கீறேன்."

"கொஞ்சம் வேகமா."

"இதுக்கு மேல ஆட்டுனா கை கயண்டு உங்க மைக்கு மேல வியும்."

திரையில் பச்சைக் கோடு குதித்தது. மகன் ஹெட்போனைக் கழற்றி ஊதினான், திரும்ப மாட்டினான். "கோடு ஆடுது. சத்தம் வரல. கொரகொரன்னு ஏதோ உரசுது, அவ்ளோதான். மைக்கு போயிட்ச்சி" என்றான். என்னிடம் கொடுத்தான். போட்டுப் பார்த்தேன். கொலுசு நன்றாகவே கேட்டது.

"கேக்குதுப்பா."

"நீ எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுவ" என்று வாங்கிக்கொண்டான்.

மைக் கெட்டுவிட்டது, என்ன செய்யலாம் என்று அங்கே எழுதினான். ஒயரை மாற்றச் சொன்னார்கள். ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் புது ஒயர் வாங்கி வந்து மாற்றினான். அதே கதை. வேறு ஹெட்போன் இரவல் வாங்கி மாட்டினான். அதே கதை. கடைசியில் சத்தத்தை முழுக்கக் கூட்டிப் பதிவு செய்ததை அப்படியே அவர்களுக்கு ஏற்றி, நீங்களே கேளுங்கள், கொலுசு எங்கே என்று கேட்டான்.

மஸ்கட்காரர் முதலில் எழுதினார். அண்ணே, இது கொலுசா, கொல்லன் பட்டறையா, வண்டி ஓட்டும்போது கேட்டுவிட்டேன், ஸ்டியரிங் கை நழுவிவிட்டது என்று. கோயமுத்தூர்காரரும் கொலுசு இருக்கிறது, அளவுக்கு மேல் இருக்கிறது என்றார். கனடாக்காரர் கொலுசைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "தம்பி, நீங்கள் என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

மகன் வேலையைச் சொன்னான். மறுநாள் பதில் வந்தது. அதை இழுக்காமல்தான் படித்தான். "குறை நினைக்காதேங்கோ. காதை ஒருக்கா ஆரிட்டையும் காட்டுங்கோ."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வருசா வருசம் கம்பெனில வண்டி வருது, டெஸ்ட் எடுக்கறாங்க. பாசாயிக்கினுதான் கீறேன். கனடால குந்திக்கினு இவருக்கு இன்னா தெரியும்?"

கடலை உரித்துக்கொண்டிருந்த மருமகள் தலையைத் தூக்கவில்லை. "பாசான கதைய நீங்கதான சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க."

அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். டெஸ்ட் வண்டிக்குள் கண்ணாடி வைத்த சின்ன அறை இருக்கும். அதற்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்தவேண்டும். சத்தம் போடுகிற ஆள் கண்ணாடிக்கு வெளியே இருப்பார். அவர் ஒவ்வொரு முறை சத்தம் போடும்போதும் அவருடைய முழங்கை லேசாக அசையும். டெஸ்ட் முடித்து இறங்குகிறவன் வரிசையில் நிற்கிறவனிடம், "முயங்கைய பாரு" என்று சொல்லிவிட்டுப் போவான். காது சரியில்லை என்று எழுதிவிட்டால் லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று எல்லாருக்கும் பயம். அப்படித்தான் அந்த மிஷின் வரிசையில் ஒருவன் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் நல்ல காது.

மகன் மறுவாரம் லீவு போட்டான். கும்மிடிப்பூண்டியில் பார்த்தால் யாராவது கம்பெனி ஆள் கண்ணில் படும் என்று, பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துத் திருவள்ளூர் போனோம். மருமகளுக்கு வேலை இருந்ததால் நான் துணைக்குப் போனேன்.

அங்கே காது டாக்டரிடம் கண்ணாடி அறை இல்லை. கதவைச் சாத்திய ஒரு சின்ன அறைதான். மகனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். முழங்கை தெரியாது. நான் கதவோரம் ஸ்டூலில் இருந்தேன். டெஸ்ட் எடுத்த பெண் என்னிடம் பேசக்கூடாது என்று சைகை காட்டினாள். அதை என்னிடம் சொல்ல வேண்டியதே இல்லை. முதலில் மகன் பொத்தானை அழுத்திக்கொண்டு வந்தான். பிறகு அழுத்துவது குறைந்தது. அந்தப் பெண் ஒரு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஏற்ற ஏற்ற, அவன் காதில் மாட்டியிருந்ததிலிருந்து கசிந்து, கீ என்று ஒரு மெல்லிய சத்தம் ஸ்டூலில் இருந்த எனக்குக் கேட்டது. அவன் விரல் அசையவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

கீ என்கிற மெல்லிசுச் சத்தங்கள்தான் போயிருக்கிறது, கனத்த சத்தங்களுக்குக் குறையில்லை என்றார் டாக்டர். ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். கோடு நேராக வந்து, பாதியில் பள்ளத்தில் விழுந்தது. போனது வராது. அந்த மிஷின் பக்கத்தில் காதை அடைக்காமல் நின்றால் மீதியும் போகும்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டான். "அம்மா, கொலுசு நெஜமாவே கேட்டுச்சா?"

"கேட்டுது."

"எப்பிடி?"

"தாளிக்கச்சொல்ல கடுகு வெடிக்கும் பாரு, அத்த தூரத்துல இருந்து கேக்கற மாதிரி" என்றேன். கடுகு வெடிப்பது தனக்குக் கேட்கிறதா என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. கவரைப்பேட்டை வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தான்.

சில வாரம் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. என் கட்டிலுக்கடியில் குளிர்ந்து கிடந்தது. பாட்டு இத்தோடு போயிற்று என்றே மருமகளும் நானும் நினைத்தோம். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் அங்கே எழுதினான். மஸ்கட்காரர், அண்ணே, என் காதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கனடாக்காரர் தானும் கார் சாமான் செய்கிற இடத்தில் வேலை செய்தவர்தான், வலது காது பாதிதான் என்று அப்போதுதான் சொன்னார். மெல்லிசுச் சத்தத்தின் அளவைக் காதால் வைக்காதே, திரையில் கோட்டைப் பார்த்து வை, பிறகு நல்ல காது உள்ள ஒருவரிடம் கொடுத்துக் கேள் என்று எழுதினார். "வீட்டில ஆருக்குக் காது நல்லம்?"

"இன்னா கேள்வி" என்றாள் மருமகள். "பின்தெருவுல குசுகுசுன்னு பேசனாகூட அத்தைக்குக் கேக்கும்."

ஹெட்போனை மாட்டினான். கொலுசுப் பாட்டு ஓடியது. "நல்லா கீதுன்னு சொல்லாதம்மா. இன்னா கேக்குதுன்னு சொல்லு" என்றான்.

முகத்தைப் பார்த்தால் வராது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "குத்துது" என்றேன்.

அதன்பிறகு அப்படியே ஒரு வழக்கம் வந்தது. நான் சுவரைப் பார்த்து உட்காருவேன். அதிகம் என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பேன், போதாது என்றால் மேஜையில் ஒரு தட்டு. அவன் திருகுவான். ஒரு பாட்டுக்கு அரை நாள் பிடிக்கும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து.

மறுபடி கம்பெனிக்கு டெஸ்ட் வண்டி வந்தது. அன்று மாலை அவனோடு வேலை செய்கிறவன் வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே சத்தம் போட்டான்.

"உள்ள போயி கண்ணை மூடிக்கினியாமே? லூசாடா நீ? முயங்கைய பாருன்னு எத்தினி தபா சொன்னேன்."

"பாத்தா என் பாட்ட கேட்டு மஸ்கட்ல ஒருத்தன் வண்டிய எங்கியாச்சும் வுட்ருவான்டா."

"மஸ்கட்ல யாருடா?"

"நீ போடா. காதுல அத்த மாட்டு மொதல்ல, கயுத்துல மாட்டாத."

மகனை லைனிலிருந்து எடுத்து ஸ்டோர்சில் போட்டார்கள். ஓவர்டைம் கிடையாது. மருமகள் அதற்கு முகம் சுளித்தாள், இரண்டு நாளில் சரியானாள். ஸ்டோர்சில் நட்டு போல்ட்டு எடுத்துக்கொடுக்கிற வேலை. சத்தமில்லாத இடத்தில் நிற்பது முதலில் தூக்கம் வருகிற மாதிரி இருந்ததாம்.

கொலுசுப் பாட்டைத் திரும்பவும் அங்கே ஏற்றினான். கோயமுத்தூர்காரர் நன்றாக இருக்கிறது என்றார். மஸ்கட்காரர், இப்போது கொலுசு போட்ட ஆள் நடந்துவருவது தெரிகிறது என்றார். மகன் இரண்டையும் எனக்குப் படித்துக் காட்டினான். கொலுசைக் கொண்டுவந்தவள் சமையற்கட்டில் இருந்தபடி, "அப்ப எனுக்கு இன்னா சம்பளம்?" என்றாள்.

கனடாக்காரர் பதில் கடைசியில் வந்தது. கொலுசு சரியாக இருக்கிறது, ஆனால் அடிச்சத்தம் கூடிவிட்டது, டிரம் குமுகுமு என்று இருக்கிறது, குறையுங்கோ என்றிருந்தார்.

நான் ஹெட்போனுக்குக் கை நீட்டினேன். மகன் கொடுக்கவில்லை. தானே மாட்டிக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டுக் கேட்டான்.

"ஆமா. கூடித்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குறைத்தான்.