எல்லாவற்றுக்கும் க்ளார்

சுவிஸில் வின்டர்தூர் நகரத்துக்கு வெளியே சரளைக்கல் தோண்டி முடித்துக் கைவிட்ட ஒரு பெரிய குழி இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் சனிக்கிழமைகளில் அங்கே நான் அட்டைகளுக்கு ஒட்டுப் போட்டேன். நடந்தது கைத்துப்பாக்கிப் போட்டி. மனிதனின் மார்பளவுக்கு வெட்டிய பழுப்பு அட்டைகளை மரச்சட்டங்களில் நிறுத்தி வைப்பார்கள். ஒருவர் இடுப்பில் துப்பாக்கியோடு நிற்பார். ஒலி கேட்டதும் அதை உருவி, ஓடி, பலகைச் சுவருக்குப் பின்னால் நின்றும் யன்னலுக்குள்ளால் எட்டியும் எல்லா அட்டைகளையும் சுட்டு முடிப்பார். ஓட்டைகளை எண்ணுவார்கள். எண்ணியதும் நானும் இன்னொரு தமிழரும் போய் ஓட்டைகளின் மேல் காகிதத் துண்டுகளை ஒட்டுவோம். அடுத்தவர் வருவார். மறுபடி ஓட்டை. மறுபடி ஒட்டு.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்தவன் இங்கே துவக்குக்குப் பக்கத்தில் நின்று ஒட்டுப் போடுகிறான் என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பயமில்லையா என்று கேட்டவர்களும் உண்டு. இல்லை. ஒன்றுமே இல்லை. முதல் நாள் முதல் வெடிக்கு என் உடம்பு தானாகக் குந்தியது. இரண்டாவதுக்குக் குந்தவில்லை. அதோடு சரி.

எங்களை அங்கே கூட்டிப் போனவர் எங்கள் ஷெஃப். தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் உணவகத்தின் சமையலறைக்கு அவர்தான் தலைவர். நாங்கள் அங்கே கோப்பை கழுவினோம், உருளைக்கிழங்கு உரித்தோம். சனி ஞாயிறு உணவகம் பூட்டு. சனிக்கிழமைகளில் ஷெஃப் தன் கழகத்தின் போட்டிகளை நடத்துவார். ஒட்டுப் போட ஆள் வேண்டும் என்றார். போனோம். மாட்டேன் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. என் அகதி வழக்கு முடிவில்லாமல் கிடந்தது. மாநிலம் எனக்குத் தந்த வேலை அனுமதி அந்த ஒரு சமையலறைக்கு மட்டும். ஷெஃப் என்னை வேண்டாம் என்றால் அனுமதியும் போகும். பிறகு பழையபடி முகாம், கட்டில்கள் நிறைந்த அறை, சாப்பாட்டுக்கு வரிசை, யன்னலால் மழை பார்த்தல். ஷெஃப்பின் முகம் கோணாமல் பார்ப்பதுதான் அன்றைக்கு என் வாழ்க்கை.

மற்றத் தமிழர் என்னைவிட நன்றாக மூத்தவர். ஊரில் லொறி ஓட்டியவர். அண்ணை என்று கூப்பிடுவேன். அவருக்கு எதையும் பகிடியாக்கத் தெரியும். எனக்குத் தெரியாது.

ஷெஃப்புக்கு நேரத்தில் வெறி. இந்தப் போட்டியில் எடுத்த புள்ளியை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். நேரம் பிழைத்தால் எல்லாமே பிழைத்துவிடும். முன்பெல்லாம் ஒருவர் விசில் ஊத இன்னொருவர் ஸ்டொப் வாச்சை அழுத்துவாராம். “விசில்காரனின் கூட்டாளிக்கு அவன் கன்னம் உப்பும்போதே தெரிந்துவிடும்,” என்பார் ஷெஃப். அந்த வருடம் அவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சின்னப் பெட்டி வந்திருந்தது. பொத்தானை அழுத்தினால் அது தான் நினைத்த நேரத்தில் கீச்சிடும். கடைசி வெடியின் சத்தத்தைப் பிடித்து நேரத்தைக் காட்டும். “இதற்குக் கூட்டாளி கிடையாது,” என்று ஷெஃப் எல்லாரிடமும் சொன்னார். கயிறு கட்டி அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“மனிசிக்குக் கட்ட வேண்டினதைத் தானே கட்டிக்கொண்டு திரியிறார்,” என்றார் அண்ணை.

பெட்டி நியாயமானதுதான். ஷெஃப்பின் வாய்தான் நியாயமில்லை. ஒவ்வொரு களத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மொழியில் ஒரு தாள் இருக்கும். ஷெஃப் அதை வாசிப்பார். வாசிக்கும்போது பள்ளிக்கூட ஜெர்மன், அது எனக்குக் கொஞ்சம் பிடிபடும். தாளில் இல்லாததைச் சொல்லும்போது சுவிஸ் ஜெர்மன். அது தொண்டைக்குள் கல் உருட்டுகிற வேறொரு பாஷை. கடைசியில் “க்ளார்?” என்பார். விளங்கியதா என்று அர்த்தம். எல்லாரும் “க்ளார்” என்பார்கள்.

சமையலறையிலும் அதேதான். “க்ளார்?” “க்ளார்.” பிறகு நான் எங்களோடு வேலை செய்த போர்த்துக்கல்காரன் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். அவன் அண்ணையைப் பார்ப்பான். அண்ணை என்னைப் பார்ப்பார். மூன்று பேரில் ஒருவனுக்குப் பாதி விளங்கியிருந்தால் மதியச் சாப்பாடு வெளியே போகும்.

இது சுவிஸில் பழகியது இல்லை. ஊரில் ஆமிக்காரன் பஸ்ஸை மறித்து ஏறிச் சிங்களத்தில் கத்துவான். “ஹரி சேர்”, சரி ஐயா, என்போம். கேட்டது என்ன என்று தெரியாது. ஹரி சேர். ஒருநாள் எனக்கு முன் இருக்கையில் இருந்தவன் சொல்லவில்லை. விளங்கவில்லை என்ற முகத்தோடு ஆமிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை இறக்கினார்கள். பஸ் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பலத்த காற்று. மதியத்துக்குப் பிறகு தொடங்க இருந்த களத்தில் ஒரு பலகைச் சுவர் விழுந்து உடைந்தது. அண்ணையும் நானும் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டோம். அந்தச் சுவர் இல்லாமல் தாளில் இருந்தபடி களத்தை நடத்த முடியாது. ஷெஃப் மாற்றினார். முதல் நான்கு அட்டைகளைச் சுட்டதும் துவக்கில் குண்டுகள் அடைத்த மகசினைக் கட்டாயம் மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் யன்னலுக்குப் போகலாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது நான் கண்டது, அவர் தாளை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கையை வீசி, காற்றுக்குள் எதையோ கத்தியதைத்தான். முடிவில் “க்ளார்?”

சுட நின்ற குழுவில் எல்லாரும் வின்டர்தூர்க்காரர். ஒருவர் மட்டும் தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாநிலத்திலிருந்து வந்தவர். மெலிந்த மனிதர், வெயில் பட்டு மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவரும் “க்ளார்” என்றார். சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னுடைய க்ளார்.

கட்டளைகள் ஆங்கிலத்தில்தான். அவை எல்லாருக்கும் தெரியும். “ஆர் யூ ரெடி?” டிச்சினோக்காரர் தலையாட்டினார். “ஸ்டாண்ட் பை.” பெட்டி கீச்சிட்டது. மனிதர் பறந்தார். அன்றைக்கு அவரைப்போல் வேகமாக யாரும் சுடவில்லை. துவக்கு வெறுமையானபோதுதான், யன்னலில் நின்று, மகசினை மாற்றினார். நேரத்தைப் பார்த்த ஷெஃப்பின் புருவம் உயர்ந்தது. பிறகு தண்டப் புள்ளிகளை அடுக்கினார். மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றவில்லை. ஆளின் கதை முடிந்தது.

டிச்சினோக்காரர் முறையிட்டார். கூடாரத்துக்குள் நீள மேசையில் மூன்று பேர் விசாரிக்க உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர் பெரிய மீசை வைத்த தபால்காரர்.

“நான் மாற்றத்தைச் சொன்னேன். க்ளாரா என்று கேட்டேன். அவர் க்ளார் என்றார்,” என்றார் ஷெஃப். குழுவில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

“தாளில் இல்லை! தாளில் இல்லை!” என்று டிச்சினோக்காரர் உடைந்த ஜெர்மனில் கத்தினார். பிறகு எங்கள் பக்கம் கையை நீட்டினார். “இவர்களும் அங்கே நின்றார்கள். இவர்கள் கழகத்து ஆட்கள் இல்லை. இவர்களைக் கேளுங்கள்.”

“பசை வாளியை எடுத்துக்கொண்டு அங்கால நட,” என்றார் அண்ணை மெதுவாக. “நாங்கள் ஒட்ட வந்தனாங்கள். நியாயம் கதைக்க வரேல்லை.”

“கூப்பிடுறாங்கள் அண்ணை.”

“கூப்பிட்டால் சிரி. எனக்குத் தெரியும், நான் சமாளிக்கிறன்.”

மீசைக்காரர் அண்ணையைத்தான் முதலில் கேட்டார். “மாற்றத்தை ஷெஃப் சொன்னாரா?”

“யா, க்ளார்.”

“எந்தப் பாஷையில்?”

“யா, க்ளார்.”

“மகசினை எங்கே மாற்ற வேண்டும்?”

“க்ளார், க்ளார்,” என்றார் அண்ணை, இன்னும் கூடச் சிரித்து.

கூடாரமே சிரித்தது. ஒருவன் அண்ணையின் குரலில் “க்ளார், க்ளார்” என்று சொல்லிக் காட்டினான். அவர்கள் சிரித்ததை நான் பொறுத்திருப்பேன். அண்ணையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அதைப் பொறுக்க முடியவில்லை.

என் ஜெர்மன் அப்போது நொண்டி ஜெர்மன். அதிலேயே சொன்னேன். “இவர் விளங்க இல்லை. நான் விளங்க இல்லை. அந்த மனிதர் விளங்க இல்லை. எல்லாரும் க்ளார்.”

சிரிப்பு நின்றது. மீசைக்காரர் முன்னால் சாய்ந்தார். “விளங்காவிட்டால் ஏன் க்ளார் என்கிறாய்?”

“அவர் க்ளார் என்று கேட்கிறார். அதற்கு வேறு பதில் இல்லை.”

ஷெஃப் எனக்கு முன்னால் வந்து நின்றார். “சமையலறையிலுமா?”

“சமையலறையிலும்.”

“எப்போதிலிருந்து?”

“முதல் நாள்.”

“ஹேர்கொட்!” என்றார். கடவுளே என்று அர்த்தம். பக்கத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர பயம் வரவில்லை. கையில் பசை காய்ந்து தோல் இழுத்தது, அது மட்டும் தெரிந்தது.

மேசைக்காரர்கள் ஆளையாள் பார்த்துக் கதைத்து முடிவு சொன்னார்கள். டிச்சினோக்காரர் மறுபடி சுட வேண்டும். மாற்றத்தைத் தாளில் எழுதி, இத்தாலிய மொழியிலும் சொல்ல வேண்டும். முதல் ஓட்டம் இல்லாதது மாதிரி. ஷெஃப் எழுதினார், வாசித்தார், ஒருவர் இத்தாலிய மொழியில் சொன்னார். பெட்டி கீச்சிட்டது. டிச்சினோக்காரர் நான்கு அட்டைகளைச் சுட்டார், மகசினை மாற்றப் போனார், புது மகசின் கை வழுக்கிக் கற்களுக்குள் விழுந்தது. குனிந்து தேடி எடுத்தார். அந்த ஓட்டம் யாருக்கும் காட்டக்கூடிய ஓட்டம் இல்லை. பையைக் கட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். நன்றி இல்லை, ஒரு பார்வைகூட இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் ஒட்டினோம்.

வழக்கம்போல ஷெஃப்தான் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டார். அண்ணை பின்னிருக்கையிலிருந்து தமிழில் புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

“உன்ர கழுத்தை அறுக்கிறதெண்டால் அறு. என்ர கழுத்தில ஏன் கத்தியை வைச்சனி?”

“உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்கள்.”

“சிரிச்சால் என்ன, தோல் உரியுதோ? சிரிச்சவன் சம்பளம் தாறான். திங்கட்கிழமை ரெண்டு பேரும் அகதிக் காம்புக்குச் சாமான் கட்டுவம், நீ பெட்டியைத் தூக்கு.”

திங்கட்கிழமை போனேன். அலுவலக அறைக்குக் கூப்பிடுவார் என்று கோப்பைகளுக்கு முன்னால் காத்திருந்தேன். ஷெஃப் வந்து, ஏப்ரனைக் கட்டி, எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தினார். பள்ளிக்கூட ஜெர்மனில் சொன்னார். கரட்டை விரல் தடிப்பில் வெட்டு, தண்ணீரில் போடு, உப்புப் போடாதே. “க்ளார்?” என்று கேட்கவில்லை. “இப்போது நீ சொல்,” என்றார்.

என்னால் முடியவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் முடியவில்லை. மூன்றாவது முறை சொன்னேன். பிறகு அண்ணை. பிறகு போர்த்துக்கல்காரன். அன்றைக்குச் சூப் பிந்தியது. அடுத்த நாளும் பிந்தியது. ஷெஃப் முன்பைவிடக் கூடத் திட்டினார், கரண்டியால் மேசையில் அடித்தார், ஆனால் சொல்லாமல் விடவில்லை. கூடாரத்தில் நடந்ததைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அது அன்பு என்று நான் நினைக்கவில்லை. மனிதருக்குச் சூப் சரியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

“உன்னாலதான் எனக்கு இந்த வயசில பாலர் வகுப்பு,” என்றார் அண்ணை. இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த போட்டிக்கும் ஷெஃப் எங்களைக் கூட்டிப் போனார். மழை நாள். பசை வாளியோடு நின்ற என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, துவக்குகளோடு வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் நிறுத்தினார். தாளை வாசித்தார். பிறகு என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

“இவனுக்கு விளங்கினால் எல்லாருக்கும் விளங்கும்,” என்றார் அவர்களிடம்.

சிலர் சிரித்தார்கள். என்னை மடையனுக்கு அளவுகோலாக வைத்திருக்கிறார். அவர் முகத்துக்கு முன்னால் வாளியை வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. எங்கே தொடங்குவது, எந்த அட்டை முதல், சொன்னேன். களத்தில் இருந்த கதவு வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். கதவுக்குப் பிறகு இடமா வலமா என்று தெரியவில்லை.

“விளங்கவில்லை,” என்றேன்.

ஷெஃப் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். தொப்பி விளிம்புகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் நின்ற ஒருவன் என்னைத் தூஷணத்தில் திட்டினான். அந்தச் சுவிஸ் ஜெர்மன் மட்டும் நன்றாக விளங்கியது.

கதவுக்குப் பிறகு வருவது இன்னும் பிடிபடவில்லை. சொன்னேன். அவர்கள் இடுப்பில் துவக்கோடு மழையில் நின்றார்கள். ஷெஃப் தாளின் ஈரத்தைத் துடைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். நான் அவசரப்படவில்லை.