இடப்பக்கம் இழுத்த வண்டி

லூத்ர் ஏரிக்கரையில் லோரெத்தின் வாயால் நல்ல பெயர் வாங்கியவை இரண்டே இரண்டு. ஒன்று, இறந்துபோன அவளுடைய அப்பா அர்மான். இன்னொன்று, அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் எஞ்சின். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால் மூக்கின் ஓரம் லேசாகச் சுருங்கும், அவ்வளவுதான். பதில் அதிலேயே இருக்கும்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு குளிர்காலமாக ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறாள். கல்யாணம் ஒருமுறை செய்துகொண்டாள். டயர் பஞ்சரானால் ஜாக்கியை எடுக்காமல் போனை எடுக்கிற ஆள் அவன் என்று தெரிந்ததும், அவனுடைய துணிமணிகளைப் பெட்டியில் மடித்து வாசலில் வைத்துவிட்டாள். அதற்காக அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை.

தம்பி ரேயால் விஷயம் வேறு. புருஷனைப் போல அவனைப் பெட்டி கட்டி அனுப்ப முடியாது. ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாமலே ஊரில் கைகாரன் என்று பெயர் எடுத்தவன் அவன். யாராவது ஒரு வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்தால் காபிக் கோப்பையோடு போய்ப் பக்கத்தில் நிற்பான். "அத அப்படிப் புடிக்காத, இப்படிப் புடி" என்பான். வேலை முடிந்ததும் "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிச்சோம்" என்று ஊர் முழுக்கச் சொல்வான்.

அப்பா போன இலையுதிர்காலத்தில் இறந்தார். சொத்துக் காகிதங்கள் எல்லாம் ரேயாலின் பெயருக்கு மாறின. ஆண்பிள்ளை என்பதால் அல்ல, நோட்டரி ஆபீஸுக்கு அவன்தான் முதலில் ஓடினான் என்பதால். லாரி, படகு, மரக்காடு மூன்றையும் அவன் எடுத்துக்கொண்டான். கொட்டகை மூலையில், பனிமேல் எஞ்சினில் ஓடும் அப்பாவின் பழைய பனிவண்டி நின்றது. அதை ரேயால் பூட்ஸ் முனையால் தட்டினான்.

"இந்தத் தகர டப்பாவ நீ வச்சுக்கக்கா. நேராப் போன்னா எடப்பக்கம் போகுது. அப்பன் புத்தி மாதிரியே."

லோரெத்தின் மூக்கின் ஓரம் சுருங்கியது.

வண்டி அவளுக்குத் தேவையாக இருந்தது. ஏரிக்கு அப்பால் பதினோரு கிலோமீட்டரில் அப்பாவின் குடிசை இருக்கிறது. அங்கிருந்துதான் அவர் பொறி வைத்து உரோமத்துக்காக மார்ட்டன் என்ற மரக்கீரிகளைப் பிடிப்பார். பனிக்காலம் முழுக்க சனி ஞாயிறு அங்கே போய்ப் பொறிகளைப் பார்த்து, விறகு வெட்டி, அடுப்பு மூட்டி உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே சுகம். மனிதர்கள் இல்லாத இடம்.

டிசம்பரில் ஏரி உறைந்ததும் வண்டியைக் கிளப்பினாள். ரேயால் சொன்னது பொய்யில்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால்கூட முன்னால் இருந்த சறுக்குப்பலகைகள் கண்டுகொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் தூக்கத்திலிருந்து விழித்ததுபோல இடப்பக்கம் பாய்ந்தன. ஏரியைத் தாண்டுவதற்குள் இரண்டு தோள்பட்டையும் கழன்றுவிடும்போல வலித்தது.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் வண்டியைக் கொட்டகைக்குள் இழுத்தாள். விறகடுப்பை மூட்டினாள். வண்டியின் மூக்கைச் சங்கிலியில் தூக்கிக் கட்டி, அடியில் கட்டையைக் கொடுத்தாள். பலகைகள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. முட்டி போட்டு உட்கார்ந்து இடது பலகையின் நுனியைப் பிடித்து ஆட்டினாள். ஆடுகிற பல்லைப்போல அது கடகடவென்று ஆடியது.

ரேயாலாக இருந்தால் அந்த இடத்திலேயே "எல்லாம் போச்சு" என்று எழுந்திருப்பான். அவள் எழவில்லை. ஒரு கையால் கைப்பிடியை அசைத்து, மறு கையின் விரல்களை ஒவ்வொரு இணைப்பின்மேலும் வைத்துப் பார்த்தாள். எங்கே ஒரு பாகம் அசைந்து அடுத்தது அசையாமல் நிற்கிறதோ அங்கே தேய்மானம். கைப்பிடியின் திருப்பலைப் பலகைகளுக்குக் கொண்டுபோகும் டை ராடுகளின் நுனிகளில் இருந்த நான்கு பால் ஜாயிண்டில் மூன்று காலி. பலகையைத் தாங்கும் செங்குத்துத் தண்டுகளைச் சுற்றியிருந்த உலோக வளையங்களான புஷ்கள் வட்டம் மாறி முட்டை வடிவமாகியிருந்தன. கைப்பிடித் தண்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கட்டைகள் பாதியாகத் தேய்ந்திருந்தன. பலகைக்கு அடியில் பனியைக் கீறிப் பிடிக்க வேண்டிய இரும்புக் கீற்று பொடிக் கம்பிபோல ஆகியிருந்தது. அப்பா கடைசி ஐந்து வருடம் எப்படி ஓட்டினார் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லவில்லை, மனுஷன்.

பாகங்களுக்கு ஆல்தேஜிடம் போனாள். ஊர்க்கோடியில் காயலான் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் அவன். அவனையும் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் அவன் எதைக் கேட்டாலும் பனி மூடிய இரும்புக் குவியலுக்குள் கையை விட்டு அதையே எடுப்பான் என்பதால் பொறுத்துக்கொள்வாள்.

"ஏன்க்கா, இதுக்குப் போய் நீ கையில கிரீஸ் பூசிக்கணுமா? ரேயால்கிட்ட சொன்னா ஆகாதா? அவன்தான் கைகாரனாச்சே."

"கைகாரன்தான். அந்தக் கைய வாய்க்குள்ள வச்சிருக்கான். நீ ஜாயிண்ட எடுத்துக் குடு."

ஆல்தேஜ் சிரித்துக்கொண்டே புது ஜாயிண்ட் நாலு, கீற்று ரெண்டு, பிளாஸ்டிக் கட்டைகள் எடுத்துக் கொடுத்தான். வெண்கல புஷ்களை அளவு பார்த்து லேத்தில் கடைந்து தந்தான்.

வேலை எட்டு நாள் இழுத்தது. பேருந்து நிற்கிற பகல் நேரத்தில் மட்டும்தான் முடியும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்தாள். ஜாயிண்ட் கழன்று வராதபோது தம்பியைப்போல அதன் தலையில் அடிக்கவில்லை. ஜாயிண்ட் செருகியிருந்த இரும்புக் கண்ணியின் ஒரு பக்கம் ஒரு சுத்தியலை அணை கொடுத்து மறுபக்கம் இன்னொன்றால் ஒரே தட்டு, தானாக விழுந்தது. டை ராடிலிருந்து நுனியைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் கரியால் எழுதினாள். பழைய புஷ்களை அடித்து வெளியேற்றாமல், நீளமான போல்ட்டையும் வாஷர்களையும் வைத்து நட்டை இறுக்கி இறுக்கியே இழுத்தெடுத்தாள். கழற்றியதை எல்லாம் வெல்லப்பாகு வந்த ஒரு மொலாசஸ் டப்பாவில் போட்டாள். அந்த ஊரில் யாரும் இரும்பைத் தூக்கி எறிவதில்லை.

கடைசியாகப் பலகைகளை நேர் பார்ப்பது. கைப்பிடியை நேராக வைத்துக் கட்டினாள். பலகைகளின் முன் நுனிகளை ரப்பர் கயிற்றால் ஒன்றையொன்று இழுக்கவிட்டு, முன்னால் எவ்வளவு அகலம், பின்னால் எவ்வளவு என்று அளந்தாள். முன்பக்கம் ஒரு விரல் கனத்தில் பாதி கூடுதலாக இருக்க வேண்டும். ராடைத் திருகுவாள், அளப்பாள், மறுபடி திருகுவாள். சரியாக வந்ததும் பூட்டு நட்டை இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் புதுக் காட்டர் பின்களை மடக்கினாள்.

சனிக்கிழமை ஏரிமேல் போனாள். இரண்டு விரலால் பிடித்தாலே போதுமாக இருந்தது. நினைத்த இடத்தில் திரும்பியது. பின்னால் திரும்பித் தடத்தைப் பார்த்தாள். நூல் பிடித்ததுபோல இரண்டு கோடு. அன்று குடிசையில் சூப்பைக் குடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். பார்க்கத்தான் யாருமில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு ரேயால் காபி குடிக்க வந்தான். வண்டியைப் பார்த்ததும் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தான். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

"நல்லாத்தான் போகுது. நான் அப்பவே சொன்னேன்ல, ஸ்டியரிங்தான்னு."

"எப்ப சொன்ன?"

"சொன்னேன்க்கா. உனக்கு ஞாபகமில்ல."

அடுத்த வாரமே, ரேயால் அப்பாவின் வண்டியைப் பிரித்துப் பூட்டிப் புதுசாக்கிவிட்டான் என்று சர்ச் மண்டபத்தில் பேச்சு. பேருந்தில் ஒரு சிறுமியே அவளிடம் அதைச் சொன்னாள். லோரெத் கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல் ஓட்டினாள். இப்படிப்பட்ட ஆளோடு மல்லுக்கு நிற்பதுகூட அவனுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்தாள்.

பிப்ரவரி தொடக்கத்தில் மறுபடி வந்தான். இந்தமுறை உட்காரவில்லை.

"அக்கா, கார்னிவல்ல பழைய வண்டிங்க ஊர்வலம் வைக்கிறாங்க. அப்பா வண்டிய நான்தான் ஓட்டணும்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாருந்தான். அப்புறம் அது என் பேர்லதானே இருக்கு. அதுக்கப்புறம் எங்கிட்டயே இருக்கட்டும். அப்பா ஞாபகமா."

"தகர டப்பான்னு கால்ல தட்டினியே, அப்ப வரலியா அந்த ஞாபகம்?"

"பழசெல்லாம் கிளறாதக்கா. காகிதம் என்ன சொல்லுதோ அதான்."

லோரெத் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் கத்தவில்லை.

"சனிக்கிழமை காலைல வா. நீ எப்படிக் குடுத்தியோ, அப்படியே திருப்பித் தர்றேன்."

அவனுக்கு அது புரியவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

வியாழனும் வெள்ளியும் பேருந்து நின்ற நேரம் முழுக்க அவள் கொட்டகையில் இருந்தாள். மூக்கைத் தூக்கிக் கட்டினாள். தான் போட்ட ஒவ்வொரு பாகத்தையும், புதுச் சுற்றுக் கணக்கைச் சுவரில் பழையதன் பக்கத்தில் எழுதிக்கொண்டு, கழற்றித் துடைத்துத் துணியில் சுற்றினாள். மொலாசஸ் டப்பாவைக் கவிழ்த்து, முட்டை வடிவ புஷ், ஆடிப்போன ஜாயிண்ட், பாதிப் பிளாஸ்டிக், கம்பியான கீற்று எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் திரும்ப மாட்டினாள். சுவரில் எழுதியிருந்த பழைய சுற்று எண்ணிக்கைப்படியே நுனிகளைத் திருகினாள். நட்டுகளை மட்டும் சரியாக இறுக்கி, புதுப் பின்களையே போட்டாள். கழன்று விழுந்து எவனாவது சாகக்கூடாது. ஊர் சிரிப்பாய்ச் சிரித்தால் போதும்.

சனிக்கிழமை சாவியைக் கொடுக்கும்போது தெளிவாகவே சொன்னாள். "பழைய சாமானெல்லாம் திரும்பப் போட்டுட்டேன். எடப்பக்கம் இழுக்கும். நடக்கிற வேகத்துக்கு மேல போகாத. கேட்டுக்கிட்டியா?"

"சரிக்கா, சரிக்கா" என்றான் ரேயால். அவன் காதில் விழுந்தது அவனுடைய பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடப்போகிற சத்தம்தான். வண்டியை லாரியின் பின்வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மதியம் ஏரிப் பனியின்மேல் ஊரே கூடியிருந்தது. பட்டாணி சூப்பு வாசம், பிள்ளைகளின் இரைச்சல். ஊர்வலப் பாதையை இருபுறமும் தேவதாருக் கிளைகளை நட்டு வகுத்திருந்தார்கள். ரேயால் அப்பாவின் உரோமத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மூன்றாவதாக வந்தான். கூட்டத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். கைப்பிடியில் மிச்சமிருந்த ஒரு கை போதாமல் போயிற்று. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. பதறி வலப்பக்கம் முழுக்கத் திருப்பினான், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக நடந்தது. நாலு தேவதாருக் கிளைகளைச் சாய்த்துக்கொண்டு போய், பிள்ளைகளுக்காகக் கட்டிய பனி அரண்மனையின் சுவரில் மூக்கைப் புதைத்து நின்றது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை.

 பிறகு ஆல்தேஜின் குரல்தான் முதலில் கேட்டது. "ரேயால், இதத்தானே நீயே பிரிச்சுப் பூட்டினேன்னு சொன்ன?"

ஏரி அதிரச் சிரித்தார்கள். ரேயால் பனியைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கூட்டத்தில் அக்காவைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். வாயைத் திறந்தான். என்ன சொல்வது? அக்கா பழைய பாகத்தை மாட்டிவிட்டாள் என்றால், புதியதை மாட்டியவள் யார் என்று கேட்பார்கள். திறந்த வாயை மூடினான்.

"பாதை சரியில்ல" என்றான் கடைசியில். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

லோரெத் சூப்புக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அந்த வெற்றிக்கு விலை இருந்தது. மறுவாரத்திலிருந்து பதினோரு கிலோமீட்டரையும் பனிக்காலணி கட்டிக்கொண்டு நடந்தாள். குடிசைக்குப் போய்ச் சேரும்போதே பகல் முடியும். இடுப்பு பிடித்துக்கொண்டது. பொறிகளில் பாதியை எடுத்துவிட்டாள். துணியில் சுற்றிய புதுப் பாகங்கள் அலமாரியில் கிடந்தன. வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாதவை. நடக்கும்போது சில நேரம் தன்னையே கேவலமாக நினைத்துக்கொண்டாள். ஆனால் ரேயாலைவிடக் குறைவாகத்தான்.

மார்ச் நடுவில் ரேயாலின் மனைவி ஜிஸ்லேன் லாரியில் வந்தாள். பின்னால் அந்த வண்டி. கையில் பெயர் மாற்றிய காகிதம்.

"ஊர்ல போற எடமெல்லாம் அரமனைய இடிச்சவன்னு கூப்பிடுறாங்க. அவருக்கு இத கண்ணுல பார்க்கவே பிடிக்கல. வச்சுக்கங்க."

"அவனே கொண்டுவந்து குடுக்க வேண்டியதுதானே?"

ஜிஸ்லேன் கையுறையைக் கழற்றாமலே நின்றாள். "உங்க ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்னு எனக்குத் தெரியலண்ணி. அடுத்தவங்க சிரிச்சா அவரால தாங்க முடியல. அடுத்தவங்களப் பார்த்துச் சிரிக்காம உங்களால இருக்க முடியல. நடுவுல நான் லாரி ஓட்டுறேன்."

லோரெத் காபி வேண்டுமா என்று கேட்டாள். ஜிஸ்லேன் வேண்டாம் என்று போய்விட்டாள்.

வண்டி ஒரு வாரம் முற்றத்தில் பனி மூடிக் கிடந்தது. உடனே ஓடிப்போய்த் தொடுவது அவளுக்கு இளப்பமாகப் பட்டது. எட்டாம் நாள் உள்ளே இழுத்தாள். இந்தமுறை மூன்றே பகலில் வேலை முடிந்தது. சுவரில் கரிக் கணக்கு அப்படியே இருந்தது.

பனி இளகத் தொடங்கிய ஏப்ரலில் ஒருநாள், அவள் கரையில் விறகு இறக்கிக்கொண்டிருந்தபோது ரேயால் தன் புது வண்டியில் அந்த வழியாக வந்தான். நிறுத்தினான். இருவரும் பேசிக்கொண்டு ரெண்டு மாதமாகியிருந்தது.

"குளிர் கொறஞ்சிருச்சு" என்றான்.

"ம்" என்றாள்.

அவன் கிளம்பும்போது அவளுடைய கண் தானாகக் கீழே போனது. கைப்பிடி நேராக இருந்தது, வலப்பலகை மட்டும் லேசாக வெளியே பார்த்தது. பூட்டு நட்டு தளர்ந்திருக்கிறது. இத்தனை பளபளப்பான வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது தெரியவில்லை. அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவன் ஏரி வளைவில் மறையும்வரை மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குள் போய் ஜிஸ்லேனுக்குப் போன் போட்டாள்.

"அவன் வண்டில வலப்பக்க ராடு நட்டு தளர்ந்திருக்கு. இறுக்காம வெளிய எடுக்க விடாத. நான் சொன்னேன்னு சொல்லாத."

"பின்ன யாரு சொன்னதா சொல்றது?"

"அவனே கண்டுபிடிச்சதா சொல்லிக்கட்டும்" என்றாள் லோரெத். "வழக்கம்தானே."