இரண்டாம் பக்கத்து முதல் பாட்டு

எங்கள் வீட்டு ரேடியோவின் பொத்தான்களில் எப்போதும் 'கட்டிப்பால்' வாடை அடிக்கும். ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வந்த கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத அந்த உறைந்து புளித்த ரப்பர் பால் நாற்றத்தோடுதான், மத்தியானச் சோற்றுக்கு உலை வைத்த கையோடு அம்மா ஓர் ஆங்கிலப் பாட்டுக் கேசட்டைப் போடுவார்.

பெடாஸ் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தைவிட்டு மாற்றலாகிப் போன, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, சாமான்களை லோரியில் ஏற்றிக்கொடுத்த அப்பாவுக்குத் தந்துவிட்டுப் போன கேசட் அது. அட்டையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு கறுப்பினப் பாடகி. முதல் பக்கம் அவளே கட்டிய பாட்டுகள், இரண்டாம் பக்கம் மற்றவர்கள் பாடிப் பேர்வாங்கிய பழைய பாட்டுகளை அவள் தன் பாணியில் பாடியவை என்று கிராணி சொன்னதை அப்பா வந்து ஒப்பித்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் எங்கள் 'லயத்து' வரிசை வீடுகளில் அந்தக் கேசட்டை அவரைப்போல அலசியவர் எவரும் இல்லை.

"சொந்தப் பாட்டுல இவ கெட்டிக்காரின்னு காட்டிக்கிறா. அடுத்தவங்க பாட்டுலதான்லா தன்ன மறந்து அழுவுறா" என்பார். இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் பாடகி ஓரிடத்தில் வரியை அப்படியே விட்டுவிட்டு மூச்சு மட்டும் விடுவாள்; அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும். எனக்கோ அது வெறும் இரைச்சல்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது வயிற்றில் கட்டி என்று அம்மாவைச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த வாரம்தான் பள்ளியில் பேச்சுப்போட்டி. என் குரலை நானே கேட்டுத் திருத்திக்கொள்ள, கைக்கு அகப்பட்ட அந்தக் கேசட்டின் விளிம்பில், மேலே பதிவு செய்ய முடியாமல் தடுக்கும் ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்திலேயே 'பல் சுத்தம்' என்ற என் உரையைப் பதிவு செய்தேன். பாட்டு அழியும் என்று தெரியாமல் இல்லை; ஒரு பாட்டுத்தானே என்ற திமிர்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்ததும் அவர் கேசட்டைத்தான் கேட்டார். அதைப் பள்ளிச் சீருடைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, "கூட்டாளி இரவல் வாங்கிட்டுப் போயிட்டாம்மா" என்று கூசாமல் புளுகினேன்.

"கேட்டு வாங்கிட்டு வாயேன் பாப்பா. அந்த ஒரு பாட்டு மட்டும் போதும்."

நாளைக்கு, நாளைக்கு என்று பதினோரு நாள் கடத்தினேன். பன்னிரண்டாம் நாள் அவர் கேட்கவில்லை. மறுநாள் இறந்துபோனார்.

பதினாறு நாளைக்குத் துக்க வீட்டில் ரேடியோ போடக்கூடாது. பதினாறாம் நாள் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். எனக்கு மாற்றுடை எடுக்கப்போன அப்பா கேசட்டைக் கண்டெடுத்து, உளுந்து வடைக்கும் வெற்றிலைக்கும் பக்கத்தில் ரேடியோவையும் கொண்டுவந்து வைத்தார். "அவளுக்குப் புடிச்ச பாட்டு, கேட்டுட்டுப் போவட்டும்" என்று பொத்தானை அமுக்கினார்.

"நீதி வழுவா நடுவர் அவர்களே, மணிக்காப்பாளர் அவர்களே..."

வீடு முழுக்க என் குரல் முழங்கியது. பெரியம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "புள்ள கொரலக் கேக்கத்தான் ஆசப்பட்டிருக்கா பாவி மவ!" என்று ஓவென்று அழுதார். கூடியிருந்த எல்லோரும் அழுதார்கள். காலையும் மாலையும் பல் துலக்க வேண்டியதன் அவசியத்தை நான் முழுசாக விளக்கி முடிக்கும்வரை அப்பா பொத்தானைத் தொடவில்லை. பெரியம்மா சொன்னதை நானும் மறுக்கவில்லை. அப்பா கண்ணை மூடும்வரை அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த லயத்தை இடித்து இப்போது வீடமைப்புப் பகுதி கட்டியிருக்கிறார்கள். கேசட் எந்த வீடு மாற்றத்தில் தொலைந்தது என்று நினைவில்லை. போன மாதம் நீலாயிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் கைப்பேசியில் தேடியபோது அந்த ஆல்பம் முழுசாகக் கிடைத்தது. அவள் சொந்தப் பாட்டுகளில் சொக்கிப்போனேன். என்ன துணிச்சல், என்ன குறும்பு! பிறகு அம்மாவின் பாட்டு வந்தது. அழுகை வரும் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. நல்ல பாட்டுத்தான், அவ்வளவே. அதில் அம்மாவைக் கட்டிப்போட்டது எது என்று எத்தனை முறை போட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சொல்லக்கூடியவர் அத்தனை நாள் என் பக்கத்திலேயே படுத்திருந்தார். அந்தப் பாட்டுப் பேச்சை வளரவிடாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.