கணக்கில் வராத குளிர்

மின்கம்பியை ஏன் விறைப்பாகக் கட்டாமல் தொய்வாக விடுகிறார்கள்? பன்னிரண்டாம் வகுப்பில் வாத்தியார் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. டெல்லி கிட்வாய் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு லீலாவதி அக்காவுக்கு நடந்ததைக் கேட்ட பிறகுதான் விளங்கியது.

லீலாவதி தூத்துக்குடியில் டிப்ளமோ முடித்து, 1998 ஏப்ரலில் டெல்லிக்கு வந்தாள். மின்பாதை வடிவமைக்கும் ஒரு சின்ன கம்பெனியில் பயிற்சியாளர் வேலை. யமுனைக்கு அப்பால் ஒரு புதுக் காலனிக்கு அவள் தனியாக வடிவமைத்த முதல் பாதையை, மழைக்காலத்தில் காண்டிராக்டர் செல்வராஜ் கட்டி முடித்தார்.

ஜனவரியில் கடைசிக் கம்பம் கம்பிப் பக்கமாகச் சாய்ந்தது.

"குழி ஆழம் பத்தலை, வேறென்ன?" என்றார் மேனேஜர் ராமசுப்ரமணியன். "போய்ப் பாத்துட்டு எழுதிக் குடும்மா. காண்டிராக்டரை நீக்கிடலாம். உன் டிசைன்ல தப்பில்லேன்னா அடுத்த மாசம் உன்னை நிரந்தரம் பண்ணிடறேன்."

லீலாவதிக்கும் செல்வராஜ் மேல் சந்தேகம்தான். அவள் கம்பத்தடிக்குப் போனபோது, கேட்பதற்கு முன்பே அவர் டீ வாங்கி வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் சிரித்தார். திருடனுக்குத்தான் இவ்வளவு உபசாரம் வரும் என்று நினைத்து, டீயைத் தொடாமல் வைத்தாள்.

"சிமெண்ட் எங்க போச்சு அண்ணாச்சி?"

"எங்க வீட்டுல இட்லியா ஊத்திட்டோம். தோண்டிப் பாருங்க மேடம்ஜி."

தோண்டினார்கள். வரைபடத்தில் இருந்த ஆழம் குறையவில்லை. கான்கிரீட்டும் கெட்டியாக இருந்தது. அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை. நேற்றே தோண்டிப் புதிதாகப் போட்டிருப்பாரோ? ஆனால் கான்கிரீட்டின் மேல் பழைய புல்வேர் படர்ந்திருந்தது.

"இன்னும் என்ன தாயி? என் வேட்டி மடிப்பையும் அவுத்துக் காட்டணுமா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். மூடுபனிக்குள் கம்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடியது. மழைக்காலத்தில் பார்த்தபோது வயிறு தொங்கிக்கொண்டிருந்த அதே கம்பி. கையுறைக்குள் அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. குளிரில் கம்பியும் சுருங்குமே.

ஆபீசுக்கு வந்து தன் கணக்கைப் பிரித்தாள். டெல்லி வெயிலை உடம்பு அனுபவித்திருந்ததால் அதிகபட்ச வெப்பத்தை நாற்பத்தெட்டாகத் திருத்தியிருந்தாள். குறைந்தபட்சமோ, தூத்துக்குடியில் படித்தபோது போட்ட அதே இருபது டிகிரி. டெல்லிக் குளிரை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. வெளியே அன்று நான்கு டிகிரி. தொய்வு போதாமல், சுருங்கிய கம்பி கம்பத்தை இழுத்திருக்கிறது.

செல்வராஜை நீக்கும் கடிதம் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சார், அதுல கையெழுத்து போடாதீங்க. கம்பத்தைச் சாய்ச்சது நான்தான்."

 அவள் செல்வராஜைக் காப்பாற்றப் பார்க்கிறாளோ என்று இப்போது ராமசுப்ரமணியனுக்குச் சந்தேகம். கணக்கை வாங்கிப் பார்த்த பிறகே கடிதத்தைக் கிழித்தார். பயிற்சிக்காலம் ஒரு வருஷம் நீண்டது. அடுத்த வாரமே லீலாவதி எல்லாக் கம்பியையும் தளர்த்திக் கட்ட வைத்தாள். செல்வராஜ் டீ வாங்கி வந்தார். இந்த முறை அவள் குடித்தாள்.

நம் ஊரிலிருந்து இந்த வேலைக்கு வடக்கே கிளம்புகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், ரயில் ஏறும் முன் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.