அத்தை குலுக்கிப் பார்த்த மிதவை

என் அத்தையைப் பெண் பார்க்க வேடசந்தூரிலிருந்து ஒரு பழைய பெட்ரோல் காரில் வந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தை அப்பாவின் தங்கை. திண்டுக்கல்லில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துக்கொண்டிருந்தாள். முடிக்க இன்னும் ஒரு வருடம் பாக்கி. மாப்பிள்ளையின் அம்மா கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "படிச்ச வரைக்கும் போதும். தையில கல்யாணத்த வச்சுக்கிருவோம். ஊருக்குப் போயி நாளு குறிச்சு அனுப்புறோம்" என்றார். அப்பா தலையாட்டினார். அத்தையை யாரும் கேட்கவில்லை. எனக்கோ கல்யாணச் சாப்பாட்டை நினைத்து வாய் ஊறியது.

கிளம்பும்போது கார் மக்கர் பண்ணியது. மாப்பிள்ளையின் அப்பா சாவியைத் திருப்பத் திருப்ப, அது இருமிவிட்டு அடங்கியது. பெட்ரோல் ஏறவில்லை என்று அவரே தீர்ப்புச் சொல்லி, சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதித்தார். அப்பாவும் மாப்பிள்ளையும் கன்னிவாடி ரோடு வரை காரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளிக்கொண்டே திரும்பியும் வந்தார்கள். வாசலெல்லாம் பெட்ரோல் வாடை. சம்பந்தியாகப் போகிறவரிடம் எதிர்த்துப் பேசக் கூடாதென்று எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆமாம் போட்டார்கள்.

அத்தை ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த பிறகுதான் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பெட்ரோல் ஏறாம இல்ல மாமா. ஏறி வழியுது" என்று சொல்லி பானெட்டைத் தூக்கினாள். கார்பரேட்டர் வெளிப்புறமெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பித்தளை மிதவையை எடுத்தாள். எங்கள் தோப்பில் தேங்காயைக் குலுக்கிப் பார்ப்பதுபோல் அதைக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். களக் களக் என்றது.

"இதுக்குள்ள காத்துதான் இருக்கணும். ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துருச்சு. மிதக்க வேண்டியது முங்கிக் கெடந்தா வர்ற பெட்ரோல யாரு அடைக்கிறது?"

வெந்நீர் கொண்டுவரச் சொல்லி மிதவையை முக்கினாள். ஒரே இடத்திலிருந்து குமிழி குமிழியாக வந்தது. உள்ளேயிருந்த பெட்ரோல் ஆவியாகி வெளியேறியதும், அந்த ஊசித் துவாரத்தில் துணி சோப்பை அழுத்தி அப்பினாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பிளக்குகளையும் துடைத்துவிட்டாள்.

"சோக்க உள்ள தள்ளிருங்க. ஆக்சிலேட்டர ஒரே மிதியா மிதிச்சுக்கிட்டுச் சாவியத் திருப்புங்க."

கார் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு உறுமியது. நான் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன். எங்கள் வீட்டில் அத்தனை பெருமையாக நான் அதுவரை நின்றதில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் மூக்கின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டே அத்தை என்னிடம், "அந்தம்மா நான் சேலையச் செருகிக்கிட்டு நின்னதப் பாத்தாங்களாடி?" என்று கேட்டாள். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்து, "இல்லத்தே, அவங்க பாக்கவே இல்ல" என்று பொய் சொன்னேன். அவள் முகம் வாடிப்போனது.

மூன்றாம் நாள் காலை ஆள் வந்து சொன்னார்: அவர்களுக்கு அடக்கமான பெண்தான் வேண்டுமாம். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். காரை ஓடவைத்துக் கொடுத்தவளையா வேண்டாமென்றார்கள் என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை என் மூக்கைத் துடைத்துவிட்டு, ஆறு இட்லி சாப்பிட்டாள். பாலிடெக்னிக்குக்குப் பஸ் பிடிக்க ஓடினாள். இம்மாதிரி ஒரு அவமானத்துக்குப் பிறகும் இவளுக்கு இட்லி இறங்குகிறதே, ரோஷமே கிடையாதா என்று எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.