கடல் வராமலே நடந்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, அழுதுகொண்டு வாசிக்க வேண்டாம். எங்கள் அக்காவின் கதை அப்படிப்பட்டதல்ல.

செட்டிபாளையத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் போன பின் என்னை வளர்த்தவர் அக்காதான். அவருக்கு வாயும் ஓயாது, காலும் ஓயாது. நாற்பதைத் தொடுமுன் பார்க்கின்சன் நோய் வந்து அந்தக் காலைத்தான் பிடித்தது. கை நடுங்கும். நடந்துகொண்டிருக்கும்போதே பாதம் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். மருந்துக் குளிசை வேலை செய்யும் நேரம் நடப்பார். அது அடங்கினால் கட்டிலை விட்டு எழும்பவே நான் வேண்டும்.

சுனாமி வந்த காலையில் நான் சந்தையில் நின்றேன். அக்கா வீட்டுக் கதவடியில் கால் ஒட்டி நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டு மாமி, "கடல் வருதுகா! ஓடுகா!" என்று கத்திக்கொண்டு ஓட, அக்காவும் ஓடினாரே! மாமியையும் முந்திக்கொண்டு வாவிப்பக்கத்துப் பள்ளிக்கூடம்வரை ஓடினார். வீடு போனது, அக்கா தப்பினார்.

அன்று பின்னேரமே கால் மறுபடி ஒட்டிக்கொண்டது. வீடிழந்து தங்கிய முகாமில்தான் வந்தது வினை. "எனக்கு முன்னால ஓடினவ, இப்ப எழும்ப ஏலாதெண்டா ஆருகா நம்புவான்? முழுக்க நடிப்பு!" என்றார் மாமி. எல்லாரும் தலையாட்டினார்கள். நோயைவிட அந்தச் சொல்தான் அக்காவைச் சுட்டது. நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா, பின்னால் நின்று, "அக்கா, கடல் வருது!" என்று கத்திப் பார்த்தேன். அக்கா அசையவில்லை. "அறுவானே, போய்த் தேத்தண்ணி ஊத்து" என்றார்.

நரம்பு வைத்தியர் ஒருவர்தான் வழக்கைத் தீர்த்தார். "நடிப்பில்ல. பெரிய பயம் வந்தா மூளை வேற வழியால காலை எழுப்பும். இந்த நோய் வருத்தத்தில அது நடக்கிறதுதான். கால் நல்லாத்தான் இருக்கு, கட்டளை போற வழியிலதான் பிழை." மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சுத் தோலுக்கடியில் சின்ன மின்கலப் பெட்டி பதித்து, அந்த இடத்தைத் தூண்டினால் கால் விடுபடலாம், ஆனால் நோய் அடியோடு மாறாது என்றார். அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். "ஓம், போவம்" என்று அக்கா அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். ஆனால் நாட்டில் யுத்தம் மறுபடி மூண்டது. அது முடிந்த பிறகே புறப்பட முடிந்தது.

சத்திரசிகிச்சையில் அக்கா விழித்தே இருந்தார். கையை மடக்கு, விரி என்று வைத்தியர் சொல்லச் சொல்லச் செய்தாராம், நடுவில், "தம்பி சாப்பிட்டானா?" என்றும் கேட்டாராம். புண் ஆறிய பின் பெட்டியை இயக்கினார்கள். ஐயோ, அந்த நேரம்! கை நடுக்கம் அடங்கியது. எழும்பினார், நடந்தார். கதவடி வந்தது. பிடிக்க நான் கை நீட்டினேன். அக்கா நிற்கவில்லை! கதவைத் தாண்டிப் போய்த் திரும்பி, "தம்பி, கடல் வரல்ல, கண்டியா?" என்றார். அந்த ஆஸ்பத்திரியே பார்க்க நான் சிரித்தேன், அழுதேன்.

ஊருக்கு வந்ததும் நேரே மாமி வீட்டுக்கு நடந்தார். "மாமி, நடிப்பு எப்பிடி?" என்று கேட்டார். மாமி அக்காவைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அமிர்தகழித் திருவிழாவுக்கு இருவரும் சோடியாகத்தான் போனார்கள்.

பல வருடம் அப்படி நடந்த அக்காவைக் கடைசியில் ஒரு காய்ச்சல் கொண்டுபோனது. தகனத்துக்கு முன், நெருப்பில் வெடிக்கும் என்று வைத்தியர் அந்தப் பெட்டியை எடுத்துத் தந்தார். அவருக்கும், முகாமில் சோறு தந்தவர்களுக்கும், பயணத்துக்குக் கைகொடுத்த உறவுகளுக்கும் எங்கள் மனம் நிறைந்த நன்றி.

மாமிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவைத் தூக்கும் நேரம், அந்த இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டு மாமி கத்தினார்: "கடல் வருதுகா! எழும்பி ஓடுகா!"